ஏழு விழுந்தால் வடம் அறும்

காலை ஷிப்டு முடிந்து, முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு ஓய்வறைக்குள் வந்து உட்கார்ந்தபோது மேஸ்திரிக்கு உடம்பு தன்னுடையதாகவே தோன்றவில்லை. யாரோ இரவல் கொடுத்தது மாதிரி இருந்தது. திருப்பிக் கேட்டால் இப்போதே கழற்றிக் கொடுத்துவிடுவார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. விடிவதற்குள் தொடங்கி மூன்று கப்பல் பார்த்தாயிற்று. துறைமுகத்துக்குள் வந்து நிற்கிற கப்பலிலிருந்து எறியப்படும் வடத்தை இழுத்துக் கரையிலுள்ள இரும்புக் குத்தியில் மாட்ட வேண்டும். கிளம்புகிற கப்பலுக்கு அதைக் கழற்றிவிட வேண்டும். இவ்வளவுதான் அவருடைய ஆட்களின் வேலை. சொல்ல ஒரு வரி, செய்ய முதுகெலும்பு வேண்டும். தொடைத் தடிமன் வடம், மழையில் நனைந்தால் செத்த எருமை கனம் கனக்கும்.

ஓய்வறை என்று பேர்தானே தவிர அங்கே ஓய்வெடுத்தவர் யாரும் இல்லை. சுவர் முழுக்க இரும்பு அலமாரிகள், கொக்கிகளில் சொட்டிக்கொண்டிருக்கும் மழைக்கோட்டுகள், நடுவில் ஒரு கால் குட்டையான தகர மேசை. அந்த மேசையைச் சுற்றித்தான் ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு ஆட்டம்.

ஆட்டம் என்றால் சீட்டும் இல்லை, தாயமும் இல்லை. ஆளுக்கொரு கற்பனை மனிதனை வைத்துக்கொண்டு, அவன் ஏறினான், இறங்கினான், வெட்டினான் என்று வாயாலேயே சொல்லி ஆடுவது. சொன்னது பலிக்குமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். மீதி உலகம் மொத்தத்துக்கும், காற்றுக்கும் கடலுக்கும் கடலுக்கு அடியில் இருக்கிற பாம்புக்கும், ஒருவர் பொறுப்பு. அந்த ஒருவர் மேஸ்திரி.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு கப்பலின் மாலுமிகள் கரையில் போட்டுவிட்டுப் போன பெட்டியில் அந்த ஆட்டத்தின் புத்தகமும், பன்னிரண்டு முகம் உள்ள பகடை ஒன்றும் கிடந்தன. மேஸ்திரியின் தங்கச்சி அதைப் படித்துப் படித்துச் சொன்னாள். அவர் கேட்டுக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். முப்பத்தெட்டு வயதில் எழுத்துக் கூட்டக் கற்றவர். ஒரு பக்கம் எழுதி முடித்தால் ஒரு லாரி மூட்டை இறக்கின களைப்பு வரும். அப்படி எழுதினதில் பாதி புத்தகத்தில் உள்ளது, பாதி இவர்களாகச் சேர்த்தது. கடலில் வரும் ஆபத்துகள் என்று பன்னிரண்டு எழுதியிருந்தார். ஒன்று விழுந்தால் மூடுபனி. நான்கு விழுந்தால் குடிதண்ணீர் கெட்டுப்போகும். எட்டு விழுந்தால் காற்று நின்றுபோகும். கடலில் கழிகிற ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தடவை பகடையை உருட்டி, வந்த எண்ணைச் சொல்லி, அதற்கு நேரே எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும்.

அட்டைப்பெட்டியை வெட்டி நிறுத்தி ஒரு மறைப்பு வைத்திருந்தார். அதற்குப் பின்னால் நோட்டு, பகடை, அவர் முகம்.

"காத்து எப்படி இருக்கு இன்னைக்கு?" என்று கேட்டார் கிரேன் அண்ணன். துறைமுகத்தில் நாற்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து இருபது வருஷமாகக் கிரேன் ஓட்டுகிறவர். ஆட்டத்தில் அவருடைய ஆள் ஒரு குள்ளன். ஏணியைப் பார்த்தாலே அவனுக்குத் தலை சுற்றும்.

"பாயைச் சுருட்டுற காத்து."

"அப்ப என் ஆள் வேலையை நிறுத்திட்டான். காத்து அளவு மீறினா ஏறக் கூடாது. சட்டம்."

"அண்ணே, இது மந்திரவாதிங்க காலத்துக் கப்பல். இதுல ஏது சட்டம்?"

"சட்டம் இல்லாத கப்பல்ல என்னை எதுக்கு வேலைக்குச் சேர்த்தீங்க?"

"ரெண்டு முழம் குள்ளன். அவன் ஏறினா என்ன, ஏறாட்டி என்ன," என்றார் கேன்டீன் அக்கா. "நகருங்க. என் ஆள் ஏறிச் சுருட்டுவா." அக்காவின் ஆள் வாள் வீராங்கனை. கடல் பொங்கினாலும் பாம்பு வந்தாலும் முதலில் நிற்பாள். ஆனால் கப்பலின் அடுப்படிப் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்க மாட்டாள். முப்பது வருஷம் ஆயிரம் பேருக்கு ஆக்கிப் போட்டவருக்கு அந்த ஒரு வரமாவது வேண்டாமா.

மேசையின் நான்காவது பக்கத்தில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். மேஸ்திரியின் தங்கச்சி புருஷன். வலது கையை மடியில் வைத்திருந்தார். அந்தக் கை இனித் தோளுக்கு மேலே எழும்பாது.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், கப்பலைக் கரையோடு நெருக்கும்போது வடம் அறுந்தது. இழுத்து முறுகின வடம் அறுந்தால் விழாது, திரும்பி அடிக்கும். மாப்பிள்ளையின் தோளில் அடித்தது. விசாரணைக்கு வந்தவர்கள் வடத்தை அளந்தார்கள், படம் எடுத்தார்கள், வடம் பழசு என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். கப்பலில் வடத்தைச் சுற்றி இழுக்கிற விஞ்சுக்காரனுக்கு இன்னும் ஒரு சுற்று என்று கரையிலிருந்து கை காட்டியது யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கை காட்டியது மேஸ்திரி.

துறைமுக வாசலில் உட்கார்ந்து செய்கிற வேலை தருகிறோம் என்று கம்பெனி சொல்லியும் மாப்பிள்ளை போகவில்லை. வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஐந்து மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, தானாகவே சட்டையை மாட்டிக்கொண்டு இந்த மேசைக்கு வந்தார். "என் ஆள் இனிமே சுக்கான் பிடிக்கட்டும்" என்றார். அதற்கு முன் அவருடைய ஆள் ஆட்டத்துக் கப்பலின் வடக்காரன், ஏழடி உயரம்.

அன்று தங்கச்சி கூப்பிட்டுச் சொன்னாள்: "அண்ணே, வாரத்துல அவர் வாசப்படி தாண்டுறது இது ஒண்ணுக்குத்தான். அதையும் கெடுத்துடாத."

கெடுக்காமல் இருக்க மேஸ்திரி ஒரு வழி கண்டுபிடித்தார். அவருடைய பட்டியலில் ஏழாவது ஆபத்து, வடம் அறுவது. விபத்துக்கு ரொம்ப முந்தி, இதே மேசையில் சிரித்துச் சிரித்து எழுதினது. அடித்துவிடலாம் என்று ஒரு நாள் பேனாவை எடுத்தார். அடித்தால் அடித்த தடம் தெரியும். அதனால் அப்படியே விட்டுவிட்டு, ஏழு விழும்போதெல்லாம் மறைப்புக்குப் பின்னாலிருந்து "எட்டு. காத்து நின்னுபோச்சு" என்று படித்தார். பதினொரு வாரம் ஓடிவிட்டது.

"முப்பத்தஞ்சாம் நாள்," என்று சொல்லி இப்போது பகடையை உருட்டினார். மூன்று கப்பல் வடத்தைப் பிடித்த விரல்கள் மரத்துக் கிடந்தன. பகடை கைக்குள் நிற்காமல் நழுவி, அட்டை மறைப்பில் முட்டித் தாண்டி, மேசையில் ஓடிக் கீழே விழுந்து, மாப்பிள்ளையின் செருப்பில் இடித்து நின்றது.

கிரேன் அண்ணன் குனிந்து பார்த்தார். "ஏழு."

"காத்து நின்னுபோச்சு," என்றார் மேஸ்திரி. பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"இப்பத்தானே பாயைச் சுருட்டுற காத்துன்னீங்க?"

"நின்னுபோச்சு. கடல் காத்துதானே, அதுக்கென்ன."

"காத்து நிக்கிறது எட்டாச்சே," என்றார் கேன்டீன் அக்கா. அவர் முன்னால் ஒரு தாள் இருந்தது. எத்தனை தட்டு போயிற்று என்று தினம் கோடு போட்டுப் போட்டுப் பழகின கை, எந்த மேசையில் உட்கார்ந்தாலும் கோடு போடாமல் இருக்காது. மேஸ்திரி சொல்லும் எண்களுக்கெல்லாம் அவர் கோடு போட்டு வைத்திருந்தது இப்போதுதான் மேஸ்திரிக்குத் தெரிந்தது. "முப்பத்தி நாலு தடவை உருட்டியிருக்கீங்க. எட்டு மட்டும் ஒன்பது தடவை. ஏழுக்கு ஒரு கோடுகூட இல்ல. நானும் பார்க்கிறேன், இந்தக் கப்பல் ஏன் இப்படி நடுக்கடல்லயே நிக்குதுன்னு."

"அதான் பதினொரு வாரமா ஒரு கரையும் வரலையா?" என்றார் கிரேன் அண்ணன். "நான் இவரு சோம்பேறித்தனமா நடத்துறாருன்னு நினைச்சேன்."

மேஸ்திரி நோட்டைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், மாப்பிள்ளையை மட்டும் பார்க்கவில்லை.

மாப்பிள்ளை இடது கையால் பகடையை எடுத்து, வந்த முகம் மாறாமல் மேசை நடுவில் வைத்தார். "ஏழு என்னன்னு எனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்லத்தானே எழுதினீங்க. படிங்க மச்சான்."

"வேணாம் மாப்ளே. வேற உருட்டிக்கலாம்."

"விழுந்தது விழுந்ததுதான். படிங்க."

மேஸ்திரி படித்தார். எழுத்துகளைத் தட்டுத் தடுமாறித்தான் எப்போதும் படிப்பார். இன்று இன்னும் நேரமானது. "ஏழு. வடம் அறும். வடத்துக்கு நேரே நிக்கிறவன் பகடை போடணும். பத்துக்கு மேல விழுந்தா குனிஞ்சு தப்பிப்பான். விழலைன்னா அடி. ரெண்டு தடவை உருட்டிக் கூட்டினது அவன் உயிர்ல குறையும்."

"யார் யார் எங்க நிக்கிறாங்க?" என்று கேட்ட மாப்பிள்ளை, பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து ஆளுக்கொன்றாக மேசைமேல் வைத்தார். "இது பாய்மரம், அக்கா மேல இருக்காங்க. இது குள்ளன். இது சுக்கான், என் ஆள். இது கேப்டன், தள்ளி உயரத்துல." குள்ளனைக் கிரேன் அண்ணன் ஞாபகமில்லாமல் பாதி கடித்துவிட்டு, அக்கா முறைத்ததும் மீதியைத் திரும்ப வைத்தார்.

மாப்பிள்ளை சுக்கானில் இருந்த பிஸ்கட்டை விரலால் தள்ளி, வடம் போகிற கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்தார்.

"அங்க எதுக்கு?" என்றார் மேஸ்திரி. "சுக்கான்ல இருக்கிறவனுக்கு அடி வராது. பின்னாடியே இருக்கட்டும்."

"பாய் சுருட்டும்போது வடத்தைப் பிடிக்க ஆள் வேணும். குள்ளனுக்குக் கை எட்டாது. வேற யாரு இருக்கா? என் ஆள்தான் போவான். சரி, கேப்டன் என்ன சொல்றாரு?"

அந்தக் கப்பலின் கேப்டன் யாருடைய ஆளும் இல்லை. அவன் பேச வேண்டி வந்தால் மேஸ்திரிதான் பேசுவார்.

"கேப்டன் ஒண்ணும் சொல்லல."

"சொல்லாம எவன் இழுப்பான்? கை காட்டினாத்தானே இழுக்க முடியும்."

மழைக்கோட்டுகள் சொட்டுகிற சத்தம் கேட்டது. "நான் போய் டீ வாங்கிட்டு வரட்டுமா?" என்று கிரேன் அண்ணன் எழுந்தார். "பிளாஸ்க்ல இருக்கு, உட்காருங்க," என்றார் அக்கா. உட்கார்ந்தார்.

மேஸ்திரி கண்ணைத் தேய்த்துக்கொண்டார். எட்டு மாதமாக இதை எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறார். குளிக்கும்போது, நடக்கும்போது, கப்பலுக்காகக் காத்து நிற்கும்போது. ஒன்றும் இப்போது வாய்க்கு வரவில்லை. வந்தது மொட்டையாக வந்தது.

"அன்னைக்கு ஒரு சுத்து போதும்னு நிறுத்தியிருக்கணும். நான்தான் இன்னொண்ணுன்னு கை காட்டினேன்."

"தெரியும்," என்றார் மாப்பிள்ளை. "உங்க கையைத்தான் பார்த்துட்டு நின்னேன்."

"தெரிஞ்சா ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டு?" மாப்பிள்ளை தோளைத் தடவினார். "எனக்கும் ஒண்ணு இருக்கு. வடத்துல இழை தெறிச்சுது. டப்புன்னு ஒண்ணு, அப்புறம் இன்னொண்ணு. காதால கேட்டேன். சத்தம் போட்டிருக்கலாம். நகர்ந்தாவது நின்னிருக்கலாம். அன்னைக்கு ரெண்டு பேரும் தொடர்ந்து ரெண்டாவது ஷிப்டு. சத்தம் போட்டா நிறுத்துவாங்க, வடத்தை மாத்துவாங்க, இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். இது ஒண்ணு முடிஞ்சா வீட்டுக்குப் போய் விழலாம்னு நின்னேன். அவ்வளவுதான்."

"நானும் அதுக்குத்தான் கை காட்டினேன்," என்றார் மேஸ்திரி.

கேன்டீன் அக்கா டீ ஊற்றினார். நான்கு தம்ளரிலும் ஒரே அளவு. கிரேன் அண்ணன், "அன்னைக்கு மேலே இருந்து நான் பார்த்தேன்," என்று ஆரம்பித்து, பிறகு தம்ளரைப் பார்த்து ஊதிக்கொண்டிருந்தார்.

"கேப்டன் என்ன சொல்றாரு மச்சான்?"

மேஸ்திரி கையைத் தூக்கினார். முழுதும் தூக்கவில்லை, மார்பு உயரம். ஒரு விரலைச் சுழற்றிக் காட்டினார். "இழுங்கன்றாரு."

மாப்பிள்ளை இடது கையால் உருட்டினார். மூன்று.

அடுத்த இரண்டு உருட்டல் மேஸ்திரியுடையது. மறைப்புக்குப் பின்னால் உருட்டப் போனவரை மாப்பிள்ளை ஒரு பார்வை பார்த்தார். வெளியே உருட்டினார். ஒன்பது. ஐந்து. சுக்கான்காரனுக்கு உயிர் பதினொன்றுதான்.

"குள்ளன்கிட்ட மூலிகை இருக்கு," என்றார் கிரேன் அண்ணன் அவசரமாக. "தீவுல பறிச்சது. அரைச்சு ஊத்திடுவோம்."

"அது வயித்துவலி மூலிகை," என்றார் அக்கா.

"வலி வலிதானே."

"வேணாம்ணே," என்றார் மாப்பிள்ளை. "செத்துட்டான். விடுங்க."

மேஸ்திரி மறுபடி நோட்டைப் புரட்டினார். ஆள் செத்தால் கப்பல் கரை சேருகிறவரை புது ஆள் ஏற முடியாது. நடுக்கடலில் யார் வந்து ஏறுவார்கள் என்று எல்லாரும் சேர்ந்து போட்ட விதி அது. கரைக்கு இன்னும் எத்தனை வாரமோ. ஆள் இல்லாதவன் மேசைக்கு எதற்கு வருவான்? அடுத்த ஞாயிறு தங்கச்சி கூப்பிடுவாள். அவர் கிளம்பலையே அண்ணே, என்ன பண்ணின என்பாள். பண்ணினதைச் சொல்ல வேண்டியிருக்கும்.

"விதியை மாத்திக்கலாம் மாப்ளே," என்றார். "பெட்டிக்குள்ள ஒளிஞ்சிருந்தவன்னு ஒருத்தனைக் கொண்டு வருவோம். நாளைக்கே எழுந்து வருவான். நான் பார்த்துக்கிறேன்."

"நீங்க பார்த்துப் பார்த்துத்தான் கப்பல் நின்ன இடத்துலயே நிக்குது." மாப்பிள்ளை கையை நீட்டினார். "நோட்டைக் குடுங்க."

"எதுக்கு?"

"எனக்கு ஆள் இல்ல. சும்மா உட்கார்ந்து பிஸ்கட் தின்னவா? கடலை நான் நடத்துறேன். குடுங்க, உங்களுக்கும் கண்ணு சொருகுது."

"நான் என்ன பண்றது?"

"கப்பல்ல ஏறுங்க."

"நடுக்கடல்ல யாரும் ஏற முடியாதுன்னு இப்பத்தானே..."

"ஏற வேணாம். கேப்டன் ஏற்கெனவே இருக்காரில்ல. அவருக்குத்தான் இத்தனை நாளா ஆள் இல்ல."

மேஸ்திரி உடனே கொடுத்துவிடவில்லை. அந்த நோட்டைக் கொடுத்தால் அடுத்து என்ன வரும் என்பது தெரியாமல் போய்விடும். வாரம் முழுவதும் எந்தக் கப்பலில் எந்த வடம் எப்படி இருக்குமோ என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு, வரப்போவது முன்கூட்டியே தெரிகிற இடம் இது ஒன்றுதான். அதையும் விட்டு, ஓர் ஆளை அடித்துக் கீழே போட்டிருக்கிற அந்தக் கேப்டனாக வேறு அந்தக் கப்பலில் நிற்க வேண்டும். மாப்பிள்ளையின் கை நீட்டினபடியே இருந்தது. கொடுத்தார்.

மாப்பிள்ளை அட்டை மறைப்பை மடித்து நாற்காலிக்குக் கீழே போட்டார். நோட்டைப் புரட்டினார். "இது என்ன எழுத்து மச்சான், கோழி கிளறின மாதிரி. பாம்பா, பாத்திரமா?"

"பாம்பு."

"சரி. முப்பத்தஞ்சாம் நாள் இன்னும் முடியல. காத்து அடிக்குது, வடம் அறுந்து கிடக்குது, பாய் பாதி சுருட்டினபடி நிக்குது. மேல்தட்டுல ஏழடி ஆள் ஒருத்தன் செத்துக் கிடக்கிறான். கேப்டன் எங்க இருக்காரு?"

மேஸ்திரி தன் பிஸ்கட்டைப் பார்த்தார். அது மேசையின் அந்தக் கோடியில், எல்லாவற்றுக்கும் தள்ளி, உயரமான இடம் என்று சொல்லி வைக்கப்பட்டிருந்தது.

"கேப்டன் கீழ இறங்கி வர்றாரு," என்றார். "வந்து அவனைத் தூக்கறாரு. அலை அடிச்சுட்டுப் போயிடும், அங்க விடக் கூடாது."

"தனியாவா?"

"குள்ளன் காலைப் பிடிக்கிறான்," என்றார் கிரேன் அண்ணன். "கீழே குனியற வேலைன்னா அவனுக்குச் சட்டம் இல்ல."

"நான் மேல இருந்து இறங்கிட்டேன்," என்றார் அக்கா. "தலைப் பக்கம் நான்."

மாப்பிள்ளை யோசித்தார். நோட்டில் இதற்கு ஒன்றும் எழுதியிருக்கவில்லை. "நனைஞ்ச ஆளு, கனம் கூட. தட்டு வேற ஆடுது. பகடை போடணும்."

"எவ்வளவு வரணும்?" என்று கேட்டார் மேஸ்திரி.

"ஆறுக்கு மேல."

"வராட்டி?"

"வராட்டி மறுபடியும் போடுங்க. தூக்குற வரைக்கும் போட்டுத்தானே ஆகணும்."

மேஸ்திரி உருட்டினார். இரண்டு. கிரேன் அண்ணன் பகடையைப் பொறுக்கி அவர் கையில் திரும்பக் கொடுத்தார்.